பக்கத்து வீட்டு ப்ரியஸும் என் கைத்துப்பாக்கியும்: கண்ணெதிரே திருட்டு நடந்தால் எந்த வழி?

ராத்திரி இரண்டே முக்கால் மணி. தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற சத்தம். ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் ஏசி கம்ப்ரசர் ஓடுவது கேட்கும், எப்போதாவது ஒரு நாய் குரைக்கும், அவ்வளவுதான். மாடி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் வியட்நாம்காரப் பெரியவர் வீட்டு டிரைவ்வேயில் நிற்கும் ப்ரியஸ் கார் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நடைபாதையில் ஒருவன் நின்று தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி ஒரு கார், விளக்கு அணைந்திருந்தது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டில் பக்கத்துச் சின்னப் பெட்டியில் என் கைத்துப்பாக்கி. இருட்டில் நான் அந்தப் பெட்டியின் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தேன். மனைவி போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவள் அவசர உதவி எண்ணான 911ஐக் கூப்பிட்டாள். நான் கொஞ்சம் தாமதமாகப் புத்தி வந்து, எங்கள் கார் சாவியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எங்கள் டிரைவ்வேயில் கார் ஹாரன் அலறியது. ஒரு நிமிடத்துக்குள் மூவரும் கிளம்பிவிட்டார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம், உள்ளே விலை உயர்ந்த உலோகம் இருப்பதால் திருடுகிறார்கள்) பாதி அறுந்து தொங்கியது, ஜாக்கி அங்கேயே கிடந்தது. போலீஸ் வந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் இதைச் சொன்னபோது, போன மாதம்தான் கிரீன் கார்டு கைக்கு வந்திருந்த தம்பி ஒருவன் கேட்டான்: "என்னண்ணே, துப்பாக்கி இருக்கு, லைசென்ஸ் இருக்கு. எறங்கிப் போய் ஒரு சத்தம் போட்டிருந்தா மூணு பேரையும் மடக்கியிருக்கலாம்ல? போலீஸ் வந்து என்னத்தக் கிழிச்சாங்க?"

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் "திருடன், திருடன்" என்று ஒரு குரல் எழும்பினால் தெருவே கம்போடு இறங்கும். பிடிபட்டவனை மின்கம்பத்தில் கட்டிவைத்துத்தான் அடுத்த பேச்சு. (அப்படிக் கட்டிவைத்து அடித்ததில் செத்தவர்களும் உண்டு. அதைப் பெருமையாக யாரும் சொல்வதில்லை.) அந்தப் பழக்கம் நம் கால்களில் இருக்கிறது. ஆனால் இந்தத் தெருவில் நான் கத்தினால் பக்கத்து வீட்டுத் திரைகூட அசையாது. இறங்கினால் நான் ஒருவன்தான்.

தம்பிக்கு அன்று வரிசையில் நின்றபடி சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கண்ணெதிரே பொருள் திருட்டு. கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி. எந்தெந்த வழி இருக்கிறது, எது எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாம். எல்லா வழிக்கும் ஒரே உரைகல்தான்: நான் நினைத்தது தப்பாக இருந்தால் என்ன ஆகும்?

முதலில், துப்பாக்கி யார் வைத்திருக்கலாம்

நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. "டெக்சாஸ்தானே, எல்லாரும் வாங்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதான, சட்டத் தடை இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச் செல்லலாம் என்றாகிவிட்டது. ஆனால் அந்த "சட்டத் தடை இல்லாத" என்ற மூன்று வார்த்தைக்குள்தான் விசாக்காரர்கள் மாட்டுகிறார்கள்.

கிரீன் கார்டுக்காரர் வாங்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை வந்தால், நாடு கடத்தப்படுவதற்கு அதுவே தனிக் காரணம். சிட்டிசன் செய்தால் அபராதமும் கண்காணிப்புமாக முடிகிற தப்பு, கிரீன் கார்டுக்காரருக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடும்.

நான் லைசென்ஸ் எடுத்தது கட்டாயம் என்பதால் அல்ல, வகுப்புக்காக. நாலு முதல் ஆறு மணி நேரம் பாடம், ஒரு எழுத்துத் தேர்வு, அப்புறம் 3, 7, 15 கஜத் தூரத்தில் காகித உருவத்தின் மீது 50 தோட்டா. காகிதம் ஓடாது, திரும்பிச் சுடாது, பகல் வெளிச்சம் வேறு. நான் நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அந்த ராத்திரி என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது.

சுடுவது: டெக்சாஸ் விடுகிறது, அதுதான் பொறி

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பதில் எளிது. வெறும் பொருளைக் காப்பாற்ற உயிரைப் பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஒருவன் உங்கள் காரின் அடியில் படுத்து அறுத்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காகச் சுட்டால் நேராக ஜெயில்தான்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது. 9.42ஆம் பிரிவு சொல்வது சுருக்கமாக இதுதான்: தீவைப்பு, வீடு புகுதல், வழிப்பறி, ராத்திரியில் நடக்கும் திருட்டு, ராத்திரியில் நடக்கும் பொருள் சேதம் ஆகியவற்றைத் தடுக்க, அல்லது வீடு புகுந்தோ வழிப்பறி செய்தோ ராத்திரியில் திருடியோ பொருளோடு அப்போதே ஓடுகிறவனைத் தடுக்க, கொல்லும் பலத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் அது உடனடித் தேவை என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். அதோடு, வேறு எந்த வழியிலும் அந்தப் பொருளைக் காக்கவோ மீட்கவோ முடியாது என்றோ, குறைந்த பலத்தோடு போனால் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து என்றோ நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையும் நியாயமானதாக இருக்க வேண்டும். 9.43ஆம் பிரிவு சில நிபந்தனைகளோடு இதை அடுத்தவர் பொருளுக்கும் நீட்டுகிறது.

"நியாயமாக" என்ற சொல் எத்தனை முறை வருகிறது பாருங்கள். அது நியாயமா என்று தீர்மானிக்கப்போவது ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஜன்னலில் நின்ற நான் இல்லை. பல மாதம் கழித்து, ஏசி அறையில் உட்கார்ந்து, என் 911 ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிற முன்பின் தெரியாதவர்கள்தான். "வேறு வழியே இல்லை" என்பதை, இன்சூரன்ஸ் இருக்கும் ஒரு காரின் கன்வெர்ட்டருக்காக அவர்களிடம் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

அந்த "ராத்திரி" பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் மிச்சம். ராத்திரியில் வீடு உடைத்து நுழைவதற்கு இந்தியச் சட்டத்திலும் தனி இடம் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவில் இருந்தது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறது. ஆனால் அங்கே வெறும் திருட்டு போதாது, உயிர்ப்பயமோ கொடுங்காய பயமோ சேர்ந்திருக்க வேண்டும். டெக்சாஸ் அந்த இடத்தில்தான் தனியாக நிற்கிறது.

அந்தக் கதவு வழியாக நடந்துபோன ஒருவரின் கதை இங்கே எல்லா லைசென்ஸ் வகுப்பிலும் பேச்சில் வந்துவிடும். 2007 நவம்பர் 14, ஹூஸ்டனை ஒட்டிய பாசடினா. 61 வயதுக்காரர், பட்டப்பகலில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்து இருவர் நுழைவதைப் பார்க்கிறார். 911ஐக் கூப்பிடுகிறார். கையில் ஷாட்கன். வெளியே போகாதீர்கள், எந்தப் பொருளும் ஒரு உயிருக்குச் சமம் இல்லை என்று எதிர்முனையில் இருப்பவர் மறுபடி மறுபடி கெஞ்சுகிறார். அந்த வீட்டுக்காரர்களைத் தனக்கு நன்றாகத் தெரியாது என்று இவரே சொல்கிறார். செப்டம்பரில் தற்காப்புச் சட்டம் மாறியிருப்பதையும் சொல்கிறார். போனை வைக்காமல் வெளியே போகிறார். இருவரும் செத்தார்கள். அந்த நேரத்தில் சாதா உடுப்பில் ஒரு போலீஸ் துப்பறிவாளர் ஏற்கெனவே அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

2008 ஜூன் 30 அன்று கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) அவர்மீது குற்றம் சாட்ட மறுத்தது. "பாத்தியா, விட்டுட்டாங்க" என்பார்கள். ஆமாம், விட்டார்கள். ஆனால் இடைப்பட்ட ஏழரை மாதம் வீட்டு வாசலில் ஆர்ப்பாட்டம், தேசம் முழுக்க டிவியில் அவர் குரல். தான் செய்ததை வேறு யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன் என்று பின்னால் அவரே சொன்னார். இந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இதில் ஒரு விசித்திரம் வேறு. 1974இல் மெம்ஃபிஸ் நகரில், ஒரு வீட்டிலிருந்து 10 டாலரும் ஒரு பர்ஸும் எடுத்துக்கொண்டு வேலி ஏறிய 15 வயதுப் பையனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். 1985இல் உச்ச நீதிமன்றம், ஆயுதம் இல்லாமல் ஓடுகிறவனைத் தப்பவிடாமல் இருப்பதற்காக மட்டும் போலீஸ் சுடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆக, மூன்று மாதத்துக்கு மேல் அகாடமியில் பயிற்சி எடுத்த போலீஸ்காரருக்கு மறுக்கப்பட்டதை, ஆறு மணி நேர வகுப்பில் உட்கார்ந்த எனக்கு டெக்சாஸ் ஏட்டில் கொடுத்து வைத்திருக்கிறது. கொடுத்தார்கள் என்பதற்காக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

இப்போது உரைகல்லில் தேய்ப்போம். நான் தப்பாக நினைத்திருந்தால்? 2022 பிப்ரவரி 14, ஹூஸ்டனில் ஏடிஎம்மில் காரோடு நின்றவரிடம் ஒருவன் துப்பாக்கி காட்டிப் பணம் பறித்துக்கொண்டு ஓடினான். பறிகொடுத்தவர் காரிலிருந்து இறங்கிச் சுட்டார். அந்தப் பக்கமாகப் போன ஒரு பிக்கப் டிரக்கில் கொள்ளைக்காரன் ஏறிக்கொண்டான் என்று நினைத்து அதையும் சுட்டார். உள்ளே இருந்தது ஒரு குடும்பம். ஒன்பது வயதுச் சிறுமி செத்துப்போனாள். அந்தச் சம்பவத்திலும் கிராண்ட் ஜூரி சுட்டவர்மீது குற்றம் சாட்டவில்லை. சட்டப்படி அவர் வீட்டுக்குப் போகலாம். போய் எப்படித் தூங்குவது என்பதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

அதே ஹூஸ்டனில் 1994இல், தவணை கட்டாத வண்டியை ராத்திரியில் எடுத்துப்போக வந்த ரெப்போ ஆளைத் திருடன் என்று நினைத்து வண்டிக்காரர் சுட்டுக் கொன்றதும் நடந்திருக்கிறது. ப்ரியஸின் அடியில் கிடந்த அந்தக் கால்கள் யாருடையவை என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரியவருக்கு ஒரு மகன் டாலஸில் இருக்கிறார். ராத்திரி வந்து இறங்கி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால்? சந்தேகம் தொண்ணூறு சதவீதம் திருடன் பக்கம்தான். மீதிப் பத்தைத் தோட்டாவால் திருத்த முடியாது.

இறங்கிப் போய் மடக்குவது

தம்பி சொன்ன வழி இது. சுட வேண்டாம், துப்பாக்கியைக் காட்டி நிறுத்தி வைத்தால் போதுமே என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டெக்சாஸ் சட்டம்கூட, மிரட்டுவதற்காக மட்டும் ஆயுதத்தைக் காட்டுவதைக் கொல்லும் பலமாகக் கணக்கிடுவதில்லை, பலத்தைப் பயன்படுத்த நியாயம் இருக்கும் இடத்தில்.

ஆனால் காட்சியை ஓட்டிப் பாருங்கள். நான் லுங்கியில், கையில் துப்பாக்கியோடு, தெருவின் நடுவில். "அசையாதே" என்கிறேன். காரின் அடியில் இருப்பவனுக்கு ரம்பச் சத்தத்தில் காதில் விழவில்லை. நடைபாதையில் நிற்பவன் ஓடுகிறான், விடுவதா? கார் ஓட்டி என் பின்பக்கம் இருக்கிறான். அவனைப் பார்த்தால் இவனைப் பார்க்க முடியாது. ஒருவன் கையைப் பாக்கெட்டுக்குள் விடுகிறான், போனா, துப்பாக்கியா? ஒருவேளை மூவரும் நல்ல பிள்ளைகளாகக் கையைத் தூக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் போலீஸ் வர எடுத்துக்கொண்டது இருபது நிமிடம். இருபது நிமிடம் மூன்று பேரை நோக்கித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்று பாருங்கள், காலித் துப்பாக்கியோடு சுவரைப் பார்த்து நின்றால்கூட இரண்டாவது நிமிடத்தில் கை நடுங்கும்.

கடைசியில் போலீஸ் வருகிறது. வருகிற இளம் அதிகாரிக்கு என்னைத் தெரியாது. அவர் பார்ப்பது இருட்டில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு ஆளை. 2021 ஜூன் 21 அன்று கொலராடோவின் அர்வாடாவில், போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக்கொன்றவனை அங்கிருந்த ஒரு சாதாரணக் குடிமகன் தன் கைத்துப்பாக்கியால் வீழ்த்தினார். வீழ்ந்தவனின் ரைபிளை அவர் கையில் எடுத்திருந்த நேரத்தில் இன்னொரு போலீஸ்காரர் பார்த்தார், இவர்தான் கொலையாளி என்று நினைத்துச் சுட்டார். அத்தனை பேரைக் காப்பாற்றியவர் போலீஸ் தோட்டாவில் போனார்.

பயிற்சி இருந்தால் சமாளிக்கலாமே என்று தோன்றும். 2022 மார்ச் 31 அன்று வட ஹூஸ்டனில் ஒரு மளிகைக்கடைப் பார்க்கிங்கில், ஹாரிஸ் கவுன்டி ஷெரிஃப் துறையின் (கவுன்டிப் போலீஸ்) டேரன் அல்மெண்டாரெஸ் மனைவியோடு கடையிலிருந்து வெளியே வந்தார். அன்று அவருக்கு வேலை இல்லை. அவருடைய சொந்த டிரக்கின் அடியிலிருந்து கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டிக் கேட்கப் போனார். துப்பாக்கிச் சண்டை. அவர் சுட்டதில் இரண்டு பேருக்குக் காயம். அவர் இறந்துவிட்டார். இருபது ஆண்டுக்கு மேல் அந்தத் துறையில் இருந்தவர் அவர். கன்வெர்ட்டர் திருட்டுக்குத் தண்டனையைக் கடுமையாக்கி டெக்சாஸ் 2023இல் கொண்டுவந்த சட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்ப திருடனுக்குப் பயந்து சாக வேண்டியதுதானா" என்று கேட்பவர்களுக்கு: பயம் இதில் ஒரு தகவல். கன்வெர்ட்டர் அறுக்க வருகிறவர்கள் துப்பாக்கியோடும் வரலாம் என்று அது சொல்கிறது.

துரத்துவது

இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2015 அக்டோபரில் மிச்சிகனின் ஆபர்ன் ஹில்ஸில், கடையில் திருடிவிட்டுக் காரில் தப்பியவர்களைப் பார்த்து, லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண் பார்க்கிங்கிலேயே காரை நோக்கிச் சுட்டார். டயர் பஞ்சரானது. அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கிடைத்தது 18 மாதக் கண்காணிப்புத் தண்டனை, லைசென்ஸும் போனது. திருடப்பட்டது ஒரு பெரிய கடையின் சரக்கு.

2020 பிப்ரவரி 23, ஜார்ஜியாவின் பிரன்ஸ்விக் அருகே. தெருவில் ஓடிக்கொண்டிருந்த 25 வயது அகமத் ஆர்பரியை, வீடு புகுந்து திருடுகிறவன் என்று சந்தேகப்பட்டு மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தினார்கள். அவர் திருடியது எதுவும் இல்லை. சுட்டுக் கொன்றார்கள். குடிமக்கள் கைது செய்யலாம் என்ற 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வாதாடினார்கள். 2021 நவம்பரில் மூவருக்கும் கொலைக் குற்றம் உறுதியானது, மூவருக்கும் ஆயுள். அந்தச் சட்டத்தையே அதற்கு முன்பே, அதே ஆண்டு மே மாதத்தில், ஜார்ஜியா தூக்கிவிட்டது. சந்தேகப்படுகிறவரின் தோலும் சந்தேகிக்கப்படுகிறவரின் தோலும் இந்த விஷயத்தில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று நம் ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம ஏரியால ஒரு மாதிரி ஆளு சுத்துறான்" என்று போட்டோ போடும்போது கொஞ்சம் யோசிக்கலாம். நாமே பலர் கண்ணுக்கு அந்த ஒரு மாதிரி ஆள்தான்.

விளக்கும் சத்தமும்

எனக்குப் பிடித்த வழி. கேவலமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். திருடனுக்கு வேண்டியது இருட்டும் இரண்டு மூன்று நிமிடமும். கார் சாவியின் அலாரம் பொத்தான், வெளி விளக்கு, அவ்வளவுதான். தப்பாக நினைத்திருந்தால்? பெரியவரின் மகன் டாலஸிலிருந்து வந்தவராக இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டியிருப்பார். காலையில் மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

ஒரு குறை உண்டு. எந்த வீட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஜன்னலில் விளக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அது நிழற்படம் எடுத்துக் கொடுத்தது மாதிரி. பொத்தானை அழுத்திவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். கராஜ் கதவைத் திறந்து "யார்ரா அது" என்று கேட்கும் ஆசை வரும். அந்தக் கதவைத் திறந்துவிட்டால் உங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

போனும் கண்ணும்

சாட்சியாக இருப்பதை நாம் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. சும்மா வேடிக்கை பார்த்தான் என்போம். உண்மையில் அதுதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் படபடப்பில் கண் எதையும் பிடிக்காது.

911இல் முதலில் சொல்ல வேண்டியது இடம். லைன் அறுந்தாலும் இடம் தெரிந்தால் வருவார்கள். அப்புறம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்பது. முடிந்துபோன திருட்டுக்கும் நடக்கிற திருட்டுக்கும் வரும் வேகம் வேறு. அப்புறம் எத்தனை பேர், கையில் ஆயுதம் தெரிகிறதா, வண்டி எந்த நிறம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: "நான் எதிர்வீட்டு மாடியில், வெளியே வரமாட்டேன்." துப்பாக்கி கையில் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், போலீஸ் வருவதற்குள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பேசுவது ஆபத்து என்றால் ஹூஸ்டன் பகுதியில் 911க்கு மெசேஜும் அனுப்பலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்காக வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்துவிடுவது நல்லது. அம்மா ஒரு மாதத்தில் அதைப் பாராமலே சொல்லப் பழகிவிட்டார்.

இந்த வழியின் குறை, தம்பி சொன்னதுதான். போலீஸ் வரும்போது திருடன் போயிருப்பான். கன்வெர்ட்டர் போனால் சில ஆயிரம் டாலர் செலவு. முழு இன்சூரன்ஸ் இருந்தால் 500, 1000 டாலர் கையைக் கடிக்கும், மீதியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். எரிச்சல்தான். ஆனால் வக்கீலை வைத்து ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கை நடத்துவதற்கு ஆகும் தொகையில் எத்தனை ப்ரியஸுக்கு எத்தனை கன்வெர்ட்டர் மாட்டலாம் என்று கணக்குப் போட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

கணக்கு மாறும் இடம்

இவ்வளவும் பொருளுக்கு. ஆள் உள்ளே இருக்கும் வீட்டின் கதவை உடைத்தால் அது பொருள் விஷயம் இல்லை. 2011 முதல் 2014 வரை டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன், ஒஹையோ, நியூயார்க் மாநிலங்களில் ஒரு கும்பல் இந்தியர், ஆசியர் வீடுகளாகப் பார்த்து, தங்கம் இருக்கும் என்று கணக்குப் பண்ணி, ஆள் இருக்கும்போதே துப்பாக்கியோடு புகுந்தது. குழந்தைகள் உட்பட எல்லாரையும் கட்டிப்போட்டார்கள். கும்பலின் தலைவிக்கு 2019இல் 37 ஆண்டு தண்டனை.

அந்த நிலைமைக்குத்தான் நான் துப்பாக்கி வைத்திருக்கிறேன். அப்போதும் வீட்டைச் சுற்றித் தேடிக்கொண்டு போகமாட்டேன். எல்லாரும் ஒரே அறை, கதவு பூட்டு, மனைவி போனில், நான் கட்டிலுக்குப் பின்னால் கதவைப் பார்த்தபடி. "போலீஸ் வருது, துப்பாக்கி இருக்கு" என்று கத்துவது. அந்தக் கதவும் உடைந்தால் அப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை. கீழே டிவியோ லேப்டாப்போ நகையோ எது போனாலும் போகட்டும். இதை நாங்கள் இரண்டு முறை ஒத்திகை பார்த்திருக்கிறோம். மகள் சிரித்துக்கொண்டே செய்தாள், பரவாயில்லை.

தம்பி கடைசியில் "அப்ப வாங்கவா வேண்டாமாண்ணே" என்று கேட்டான். வாங்கு, ஆனா வாசல்ல நல்ல விளக்கும் கேமராவும் மாட்டிட்டு அப்புறம் வாங்கு என்றேன். துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதே என்றும் சொன்னேன். கார் கண்ணாடியை உடைக்கிறவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

அன்று ராத்திரி வந்த போலீஸ்காரர் பொறுமையானவர். ஜாக்கியைப் பையில் போட்டார், பாதி அறுந்த குழாயைப் படம் எடுத்தார். பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். போலீஸ்காரர் எங்கள் இருவரிடமும் கேட்ட முதல் கேள்வி, வண்டி நம்பர் என்ன? மனைவி போனில் இடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்றது நான். தெருவிளக்குக்கு நேர்கீழே, பின்பக்கம் எங்கள் வீட்டைப் பார்த்தபடி, ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது அந்த வண்டி. எனக்கும் தெரியவில்லை. அந்த ஒரு நிமிடமும் நான் பெட்டியின் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தேன்.